ராத்தாவின் கிட்னியும் ஆறு பேர் சஹனும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் உடம்பில் மூன்று சிறுநீரகங்கள் இருக்கின்றன. இரண்டு பிறக்கும்போதே என்னோடு வந்தவை. சுத்தச் சோம்பேறிகள், எனக்கு முப்பத்தாறு வயதாகும்போது சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டன. மூன்றாவது என் அக்கா ஹமீதா ராத்தாவுடையது. இன்றுவரை வேலை செய்வது அது மட்டும்தான்.

உடம்பிலிருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தவர்கள் அதோடு அதை மறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் என் ராத்தாவைப் பார்த்ததில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குத் தாய் வந்து நலம் விசாரிப்பதுபோல, உக்குவளையில் அடுத்த வீட்டிலிருந்து தினமும் காலையில் வேலி தாண்டி வருவாள். "ஏன்ட கிட்னி எப்படி ஈக்கி?" என்பது முதல் கேள்வி. நான் எப்படி இருக்கிறேன் என்பது, நேரம் இருந்தால், இரண்டாவது கேள்வி.

சிறுநீரகம் மாற்றி ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு கண்டி கிளினிக்கில் என் இரத்தத்தைச் சோதித்த டொக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். (டொக்டர்மார் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வரப்போவதில்லை. இது என் அனுபவம்.) கொலஸ்ட்ரோல் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கிட்னியைக் காப்பாற்ற நான் விழுங்கும் மாத்திரைகளே கொழுப்பையும் ஏற்றிவிடுமாம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைக் கூட்டித் தரலாமென்றால் அது கிட்னி மாத்திரையோடு மல்லுக்கு நிற்குமாம். ஆகவே மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான், அதைக் கட்டு என்றார். கட்டாவிட்டால் கொழுப்பு இரத்தக் குழாய்களில் படிந்து முதலில் இதயத்தையும், பிறகு இந்தப் புதுக் கிட்னியையும் கொண்டுபோய்விடும்.

"புதுக் கிட்னியையும்" என்ற சொல் கேட்டதும் பக்கத்துக் கதிரையில் இருந்த ராத்தா எழுந்து நின்றுவிட்டாள்.

டொக்டர் சொன்னதையெல்லாம் அவள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எங்கள் குசினிச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே ஒட்டினாள். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, நெய், தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள், பொரியல் எல்லாம் ஹராம் என்று தலைப்பு. (மார்க்கத் தீர்ப்பு கொடுக்க அவளுக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்று கேட்க என் மனைவிக்குத் தைரியம் இல்லை. எனக்கு எங்கே?) அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவித்த மீன், வல்லாரைச் சுண்டல், குரக்கன் பிட்டு. சொதிக்கு மட்டும் மூன்றாம் பால் அனுமதி. அதுவும் துருவிய தேங்காய்ப்பூவைப் பிழிந்து பிழிந்து, பால் என்ற நினைப்பு மட்டும் தண்ணீரில் மிஞ்சும்போது.

நானும் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். செய்து கொடுத்துவிட்டு யட்டவத்தையில் நான் எழுதுவினைஞராக இருந்த அலுவலகத்துக்குப் போய், பத்து மணித் தேநீருக்கு முன்னால் எண்ணெயில் பொரித்த இறைச்சி ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். அப்போது நான் அப்படிப்பட்ட மனிதன். அடுத்த கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் இன்னும் ஏறியது. ராத்தா என் சட்டைப் பையை முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அது எங்கிட்ட ஈந்த காலத்துல ஒரு நாளும் ரோல்ஸ் தின்னதில்லடா! பழக்கமில்லாத புள்ளைக்கு இதெல்லாம் குடுத்தா அது தாங்குமா?"

இந்த நிலையில்தான் அவளுடைய ஒரே மகள் பஸ்னாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு மொத்த வியாபாரம் செய்யும் ஜுனைதீன் ஹாஜியாரின் மகன். ராத்தாவின் கணவரான மச்சான் மௌத்தாகி, அடக்கம் செய்தே பல வருடம் ஆகிவிட்டதால், பெண் வீட்டுப் பெரிய மனிதன் நான்தான். பெரிய மனிதன் செய்ய வேண்டிய முதல் வேலை, சம்பந்தியோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவது.

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. எங்கள் கல்யாணங்களில் அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவார்கள். நெய்ச்சோறு மலைபோல் குவிந்திருக்கும். அதன்மேல் ஆட்டிறைச்சியும் பொரித்த கோழியும் ஏறி உட்கார்ந்திருக்கும். நல்ல துண்டை எடுத்துப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளி வைப்பது மரியாதை. தள்ளி வைத்ததைச் சாப்பிடாமல் விடுவது மரியாதைக் கேடு.

ராத்தா கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு இரண்டு கட்டளை போட்டாள்.

"இந்தா பாரு நிசார். ஒண்ணு, ஒரு துண்டு இறைச்சி ஒன்ட வாய்க்குள்ள போகக் கூடாது. ரெண்டு வாரத்துல கிளினிக். ரெண்டாவது, ஏன் தின்னல்லன்னு மாப்பிள்ளை ஊட்டு ஆக்களுக்குத் தெரியவே கூடாது. கிட்னிச் சீக்கு குடும்பம்னு பேர் வந்துட்டா ஏன்ட புள்ளைட கதி என்ன? ஆறு மாசமா நான் வாயத் தொறக்கல்ல."

"அதெப்படி ராத்தா? ஒரே சஹன். அஞ்சு பேர் பாத்துக்கிட்டு ஈப்பாங்களே?"

"பைத்தியக்காரா, சஹன்லதான் லேசு. ஒனக்கு முன்னால ஈக்கிற இறைச்சிய எல்லாம் ஹாஜியார் பக்கம் தள்ளு. அவர் ஒன்ன மெச்சுவார். மருவாதையும் ஆச்சி, மருந்தும் ஆச்சி."

என் ராத்தா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். படித்திருந்தால் நாட்டின் பிரச்சினையையே தீர்த்திருப்பாள் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

மறுநாள் மாத்தளை மண்டபத்தில் நிக்காஹ் முடிந்து சஹன் வந்தது. எனக்கு வலப்பக்கம் ஹாஜியார். தாடியும் கோட்டும் தொப்பியுமாக ஆள் கம்பீரம். பிஸ்மி சொல்லிக் கைவைத்ததும் முதல் காரியமாக நல்ல சதைத் துண்டு ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"சாப்பிடுங்க ஹாஜியார்."

"மாஷா அல்லாஹ், நீங்க சாப்பிடுங்க தம்பி" என்று அவர் இரண்டு துண்டை என் பக்கம் தள்ளினார்.

நான் மூன்று தள்ளினேன். அவர் நான்கு தள்ளினார். அதில் ஒரு கோழிக் காலும் இருந்தது. நான் கோழிக் காலையும் அதற்குத் துணையாக ஒரு விலா எலும்பையும் திருப்பி அனுப்பினேன். எதிரே இருந்த நான்கு பேரும் தங்கள் பக்கத்தைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, இரண்டு சம்பந்திகளுக்கும் இடையிலான பாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்படியும் சம்பந்தக்காரர் ஈக்காங்களா?" என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. எனக்கோ வியர்த்துக் கொட்டியது. என்ன மனிதர் இவர்! மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா? நான் எவ்வளவு தள்ளினாலும் எனக்கு முன்னால் இருந்த குவியல் குறையவே இல்லை.

கடைசி இனிப்பான வட்டிலப்பம் வர நேரமாகும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் மாப்பிள்ளை பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்தில் எனக்குப் புத்தி போனது. (புத்தி வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.) மடியில் விரித்திருந்த கைக்குட்டையில் ஐந்து துண்டு ஆட்டிறைச்சியைப் போட்டுச் சுருட்டி ஜுப்பாப் பையில் திணித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஹாஜியாரின் பக்கமும் காலி. அடேயப்பா, இந்த வயதிலும் என்ன ஜீரண சக்தி என்று பொறாமைப்பட்டேன்.

பின்னேரம் பெண் வீட்டில், அதாவது உக்குவளையில், தேநீர் விருந்து. நேரம் போதாதென்று மண்டபத்தின் வட்டிலப்பத்தையும் சட்டியோடு அங்கே அனுப்பிவிட்டார்கள். பெரிய மனிதனான நான் ஹாஜியாரோடும் அவர் மனைவியோடும் அவர்களுடைய வேனில் ஏறினேன். ஜுப்பாவின் பக்கவாட்டில் நெய் ஊறி, உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் விரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, வயிற்று வலிக்காரன்போல் உட்கார்ந்திருந்தேன். வழியில் எங்காவது வீசிவிடலாம் என்பது திட்டம். கண்டி வீதியில் செக் பொயின்ட் இருக்கிறது என்பதை அந்தத் திட்டம் போட்ட மூளை மறந்துவிட்டது.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் அடையாள அட்டையை மறந்தாலும் செக் பொயின்டை யாரும் மறக்கமாட்டார்கள். நான் மறந்தேன். எல்லோரையும் இறக்கினார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் என்னைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவன், பக்கவாட்டுப் பையில் கை வைத்ததும் அப்படியே நின்றான். மெத்தென்று, கொஞ்சம் சூடாக, துணியில் சுற்றிய ஒரு பொருள்.

"மொகத மே?" என்றான். இது என்ன என்று அர்த்தம்.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகத்தில் எட்டு மணி நேரமும் சிங்களம்தான் பேசுவேன். அந்த நேரம் பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை. "மெதுவாக எடு. மெதுவாக!" என்று அவன் இரண்டடி பின்னால் போனான். இன்னொரு சிப்பாய் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான். கைக்குட்டையை எடுத்து மணல் மூட்டையின்மேல் வைத்துப் பிரித்தேன். ஐந்து துண்டு ஆட்டிறைச்சி. ஒன்று நல்லியெலும்பு. வீதியோரம் படுத்திருந்த நாய்தான் முதலில் எழுந்து வந்தது.

"ஏன் இது பையில்?" சிப்பாய் கேட்டான்.

"வீட்டில் பூனை இருக்கிறது" என்றேன். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஹாஜியாரிடம் போனான். கோட்டுப் பையைத் தட்டினான். மறுபடியும் நின்றான். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கைவிட்டு ஒரு ஷொப்பிங் பேக்கை எடுத்தார். நான்காக மடித்துக் கொண்டுவந்து, உள்ளே இறைச்சியைப் போட்டு, வாயில் ரப்பர் பட்டியும் மாட்டியிருந்தார். என்னைப்போல் அவசரக் குடுக்கை அல்ல, திட்டமிட்டு வந்த அனுபவஸ்தர். எட்டுத் துண்டு, ஒரு கோழிக் கால். அந்தக் கோழிக் காலை நான் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன்.

"உங்கள் வீட்டிலும் பூனையா, மாத்தயா?" என்று ஐயா போட்டு மரியாதையாகவே கேட்டான் சிப்பாய்.

"அதுக்குத்தானா நேத்து ராவு பூரா ரப்பர் பட்டி தேடினீங்க?" என்று பின்னாலிருந்து ஹாஜியாரின் மனைவி கேட்டார்.

சிப்பாய்கள் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. ஒருவன் தன் கூட்டாளிகளையும் கூப்பிட்டுக் காட்டினான். எங்களுக்குப் பின்னால் பஸ் ஒன்று வந்து நின்று, அதிலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நாய்க்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேனில் ஏறினோம்.

"தம்பி" என்றார் ஹாஜியார், ஜன்னலைப் பார்த்தபடி. "பொண்ணு ஊட்டுல சொல்லிராதீங்க. போன வருஷம் எனக்கு நெஞ்சத் தொறந்து பைபாஸ் செஞ்சாங்க. இறைச்சி, நெய் ஒண்ணும் ஆகாது. மாப்பிள்ளைட வாப்பாக்கு ஹார்ட் வருத்தம்னு தெரிஞ்சா சம்பந்தம் கொழம்பிரும்னுதான் மறைச்சோம்."

எனக்கு வந்த நிம்மதியில் ராத்தாவின் இரண்டாவது கட்டளை வேனின் ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. "அட ஹாஜியார்! எனக்கும் அதே கதைதான். ஏன்ட கிட்னி ராத்தா குடுத்தது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. யா அல்லாஹ், பஸ்னாவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஹாஜியார் ஆச்சரியமாகத் திரும்பினார். "அதுதான் தெரியுமே!"

"தெரியுமா?"

"தரகர் வந்து முதல்ல சொன்னதே அதைத்தானே. தம்பிக்குக் கிட்னி குடுத்த பொம்பளைட மகள்னுதான் பேச்சையே தொடங்கினார். பொறகுதான் போட்டோவக் காட்டினார். அந்த உம்மா வளத்த புள்ள வேணும்னு இவதான் ஒத்தக் காலுல நின்டா" என்று மனைவியைக் காட்டினார்.

ஆறு மாதமாக ராத்தா பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த இரகசியத்தைத் தரகர் சீதனம்போல் முன்னால் வைத்திருக்கிறார்!

"அப்ப ஏன் எனக்கு இறைச்சியத் தள்ளினீங்க?"

"கிட்னிக்காரனுக்கு இறைச்சி ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏன்ட பாவமும் தொலையட்டும், ஒங்களுக்கும் பெலன் வரட்டும்னுதான்."

இத்தோடு நின்றிருந்தால் இது நல்ல கதை. நாங்கள் இருவரும் நிற்கவில்லை.

உக்குவளை வீட்டில் தேநீரோடு, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் அடித்து அவித்த அந்த வட்டிலப்பம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இறைச்சியைத் தொடாத வீரர்கள் நாங்கள். அதில் இறைச்சி இல்லை. ராத்தா சுவரில் ஒட்டிய பட்டியலிலும் வட்டிலப்பம் என்ற சொல் இல்லை. தேங்காய்ப்பால் இருந்தது, முட்டை மஞ்சள் இருந்தது, ஆனால் வட்டிலப்பம் என்று தனியாக எழுதியிருக்கவில்லை. பத்து வருடம் சுற்றறிக்கை வாசித்த எழுதுவினைஞனுக்கு இந்த ஓட்டை போதாதா? நான் ஒரு கோப்பை எடுத்தேன். ஹாஜியார் ஒரு கோப்பை. பிறகு இன்னொன்று. அவ்வளவு பெரிய இரகசியம் இறங்கிய வயிற்றில் நிறைய இடம் இருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் அங்கே ஒரு விருந்து, இங்கே ஒரு விருந்து. ஒவ்வொரு விருந்திலும் நாங்கள் இருவரும் இறைச்சியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒதுக்கினோம். "தம்பி இறைச்சிப் பக்கம் தலவச்சும் படுக்கல்ல" என்று ராத்தா தினமும் என் மனைவியிடம் பெருமை பேசினாள். நானும் ஹாஜியாரும் பின்கட்டில் வட்டிலப்பத்தைக் காலி செய்துகொண்டிருந்தோம்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. தூக்கி மேசையில் போட்டார்.

"வீட்டில் யார் சமைக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ராத்தா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையை உயர்த்தினாள். "நான்தான் பார்த்துக்கொள்கிறேன், டொக்டர்."

"நீங்களா பார்க்கிறீர்கள்? கிட்னியையும் கொடுத்துவிட்டு நீங்களே அதைச் சாகடிக்கிறீர்களா? இந்த மனிதருக்கு என்ன சமைத்துப் போடுகிறீர்கள்?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. ராத்தாவின் முகம் கறுத்துவிட்டது. "மூன்றாம் பால்தான் சேர்க்கிறேன். இனி அதையும் நிறுத்துகிறேன்" என்று மெல்லச் சொன்னாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அவள் மேல் பிழையில்லை, நான்தான்" என்று ஒரு வரி போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "வல்லாரைக்குப் போடுற தேங்காய்ப்பூவாலயா ஈக்கும் தம்பி?" நான் "தெரியாது ராத்தா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண சீடி வந்தது. இரண்டு வீட்டாரும் ராத்தாவின் வீட்டில் கூடி உட்கார்ந்தோம். பாய், கதிரை எல்லாம் நிறைந்துவிட்டது. சஹன் காட்சியில் இறைச்சி அங்கும் இங்கும் போய் வருவதைப் பார்த்து வீடு இடிந்து விழும்போல் சிரித்தார்கள். செக் பொயின்ட் கதையை, பைபாஸையும் மறைக்காமல், ஹாஜியாரின் மனைவி அபிநயத்தோடு சொன்னார். கிட்னி விஷயம் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்று கேட்டு ராத்தாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீடியோக்காரர் தேநீர் விருந்துக்கும் வந்திருந்தார் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

திரையில் நான் வந்தேன். கையில் கோப்பை. சாப்பிட்டு முடித்தேன். மணமக்களைக் காட்டிவிட்டுக் கமரா திரும்பியது. கையில் இன்னொரு கோப்பை. பெண்கள் பக்கம் போய் வந்தது. மூன்றாவது. அதை நான் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டு, விரலாலும் துடைத்தேன். பக்கத்தில் ஹாஜியார் எனக்கு நான்காவதை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டு" என்றாள் ராத்தா.

பஸ்னா படத்தை நிறுத்தினாள். திரையில் என் வாய் திறந்தபடி நின்றது. ஹாஜியார் எழுந்து தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். (ஆகவில்லை.) ராத்தா கத்துவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கல்யாணம் நின்னு போயிருந்தா இன்னொரு மாப்பிள்ளை பாத்திருப்பேன் தம்பி. கிட்னி எங்கிட்ட இன்னம் ஒண்ணுதான் ஈக்கி. இதக் கெடுத்துக்கிட்டு வந்து நீ நின்டா, அதையும் எடுத்துக்கன்னு குடுத்துருவேன். ஏன்ட புத்தி எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயமா ஈக்கி."

நான் அழுதேன். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, இரண்டு வீட்டாருக்கும் நடுவில், பாயில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அடுத்த கிளினிக்கில் டொக்டர் அம்மா ரிப்போர்ட்டைத் தொடும் முன்னரே, என் வட்டிலப்பக் கணக்கு முழுவதையும் சிங்களத்தில் ஒப்புவித்தேன். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

கொலஸ்ட்ரோல் இறங்க எட்டு மாதம் எடுத்தது. இறங்கியது, பிறகு ஏறவில்லை. அந்த சீடி தேய்ந்து, இப்போது பஸ்னாவின் பிள்ளைகள் அதைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் போடுவார்கள். முதல் கோப்பைக்கு "நோட் அவுட்!" என்று கத்துவார்கள், இரண்டாவதுக்கும் கத்துவார்கள், மூன்றாவதுக்கு வீடே சேர்ந்து "அவுட்!" என்னும். நானும் அவர்களோடு சேர்ந்து கத்துவேன். ராத்தா மட்டும் அந்த இடம் வரும்போது, இத்தனை வருடம் கழித்தும், "போதும், நிப்பாட்டுங்க, அவன் தின்னுறதப் பாக்க ஏலாது" என்று சொல்லிக் குசினிக்குப் போய்விடுவாள்.